சேவூரில் தரகர் பஞ்சம்!

'தேன்கூடு அகற்றிய வகையில் கூலி - ரூ.1,500.'

பி.காம். படித்த வாசகர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. மேற்படி பெட்டி கேஷ் வவுச்சரை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்? கட்டடப் பராமரிப்பா? தொழிலாளர் நலனா? இல்லை, பூச்சி மருந்துச் செலவா?

நான் 'பல்வகைச் செலவுகள்' என்று எழுதினேன். ஒரு செலவுக்கு எங்கே இடம் என்று தெரியாவிட்டால் கணக்கன் அதை அங்கேதான் தள்ளுவான். காலேஜில் சொல்லிக் கொடுத்ததில் இன்றைக்கும் உபயோகப்படுகிற ஒரே பாடம் அதுதான்.

பத்திரிகையில் எழுதியே பிழைத்துவிடலாம் என்று நம்பிக் கொண்டிருக்கிறவன் நான். மாதக் கடைசியில் அந்த நம்பிக்கைக்கு முட்டுக் கொடுக்க, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வாரத்துக்கு மூன்று நாள் கணக்கு எழுதுகிறேன். (கம்பெனி பெயர் வேண்டாமே... முதலாளி இந்தப் பத்திரிகையை அட்டை டு அட்டை படிக்கிறவர்!)

போன வருஷம் மாசியில் அந்தக் கம்பெனியின் மூன்றாவது மாடி சன்ஷேடுக்கு அடியில் மலைத்தேனீ கூடு கட்டியது. முறம் அளவுக்குக் கறுப்பாக ஒன்று தொங்கும். உற்றுப் பார்த்தால்தான் அது கூடு இல்லை, கூட்டைப் போர்த்திக் கொண்டிருக்கிற தேனீக்கள் என்று தெரியும். பகலில் ஒரு தொந்தரவும் இல்லை. ராத்திரி ஷிஃப்டில்தான் வினை. மலைத்தேனீக்கு வெளிச்சம் என்றால் ஒரு கிறுக்கு. ட்யூப் லைட்டைப் பார்த்து ஜன்னல் வழியாக உள்ளே வந்து, பவர் டேபிள் மேல் பொத்துப் பொத்தென்று விழும். செக்கிங்கில் இருந்த ஒரு பெண்ணைக் கண் இமையில் கொட்டிவிட்டது. பாவம், ரெண்டு நாள் முகம் வீங்கிப் போய் லீவு. ஷிப்மென்ட் நேரம் வேறு.

மறுநாள் இருட்டினதும் ஒரு ஆள் வந்தான். நீளமாக ஒரு கழி, நுனியில் தீப்பந்தம், கையில் ஒரு டின் மருந்து. இருபது நிமிஷ வேலை. காலையில் வாட்ச்மேன் கூட்டி அள்ளினார். அரைச் சாக்கு இருந்தது.

நான் வவுச்சரில் 'பாஸ்' போட்டேன். டீ வந்தது. குடித்தேன். மனசு துடித்தது, கண் கலங்கியது என்றெல்லாம் எழுதினால் பொய். ஒன்றுமே தோன்றவில்லை. தேனுக்கு ஜி.எஸ்.டி.யில் எச்.எஸ்.என். எண் 0409. உயிருள்ள தேனீக்குக்கூடத் தனியாக ஒரு எண் இருக்கிறது, 010641. அரைச் சாக்கு செத்த தேனீக்கு என்ன எண் என்று நான் தேடிப் பார்க்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, ஆவணியில் மாமா போன் பண்ணினார். சேவூரிலிருந்து.

"மாப்ளே, அரசாணி புடிக்கவே மாட்டேங்குது. பூவா பூத்துத் தள்ளுது. பிஞ்சு அத்தனையும் மஞ்சளாகிக் கொட்டிப் போகுது. நீ பேப்பருக்கெல்லாம் எழுதறவனாச்சே... யாரையாவது கேட்டுச் சொல்லேன்."

அரசாணிக்காய் என்றால் சென்னைக்காரர்களுக்குப் பரங்கிக்காய். தெற்கே மஞ்சள் பூசணி. எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாண விருந்தில் அரசாணிப் பொரியல் இல்லாவிட்டால் சம்பந்தி சண்டை வரும்.

நான் யாரைக் கேட்பேன்? எனக்குத் தெரிந்த பூசணி, கணக்கில் சோற்றுக்குள் மறைப்பதுதான். "சனிக்கிழமை வர்றேனுங்க மாமா" என்றேன். அத்தை கைச் சமையல் சாப்பிட்டு நாளாகியிருந்தது என்பதும் ஒரு காரணம்.

* * *

திருப்பூரில் பஸ் ஏறி அவினாசி. அங்கே இறங்கிப் புளியம்பட்டி பஸ் பிடித்தால் பத்து கிலோமீட்டருக்குள் சேவூர். அவினாசி, முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாட்டுப் பாடி மீட்ட தலம். விழுங்கியது விழுங்கியபடியே திரும்பி வந்த கதை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். மற்றபடி இந்தப் பக்கம் ரோடு விழுங்கிய புளியமரமோ, சைட்டு விழுங்கிய தோட்டமோ திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

சேவூரில் வாலி வந்து பூஜை பண்ணிய வாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. அதைவிட வெளியூருக்குத் தெரிந்தது நிலக்கடலை. இங்கே ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நடக்கிற கடலை ஏலம் பேப்பரில் வாராவாரம் வருகிற சேதி. பெரிய சந்தைதான் என்றாலும், விடியற்காலையில் பார்த்தால் ஊர் பாதி திருப்பூருக்குச் சொந்தம். பனியன் கம்பெனி வேன்கள் வரிசையாக வந்து, டிபன் கேரியரோடு நிற்கிற பெண்களை அள்ளிக் கொண்டு போகும். காட்டு வேலைக்கு ஆள் கிடைக்காததற்கு இந்த வேன்கள்தான் காரணம் என்று மாமா சொல்வார். அந்த வேன்கள் வராவிட்டால் பாதி வீட்டில் அடுப்பு எரியாது என்பதையும் அவரே சொல்வார். இரண்டும் நிஜம்.

ஒரு நல்ல விஷயமும் உண்டு. அத்திக்கடவு - அவினாசித் திட்டம். அறுபது வருஷத்துக்கு மேல் கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்ட் 17-ல் ஒருவழியாகத் தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றின் உபரித் தண்ணீரைக் குழாயில் கொண்டு வந்து மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புகிற ஏற்பாடு. தலைமுறையாகத் தண்ணீருக்கு அழுத ஊர்க்காரர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட சமாசாரம் என்று டவுன்காரர்களுக்குப் புரியாது. மாமா அந்தத் தெம்பில்தான் ஒரு ஏக்கர் அரசாணி போட்டார். தண்ணீர் இருக்கிறது, உரம் இருக்கிறது, கொடி ஆளுயர வேலியில் ஏறிப் படர்கிறது. காய்தான் இல்லை.

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு அத்தை எழுப்பினார். தோட்டத்துச் சாளையிலிருந்து டார்ச் அடித்துக் கொண்டு நடந்தோம்.

அரசாணிப் பூ விடியும்போது விரியும். பத்து, பதினொரு மணிக்குள் வாடிச் சுருண்டுவிடும். ஒரே ஒரு நாள், அதிலும் அரை நாள்தான் ஆயுள். ஆண் பூ தனி, பெண் பூ தனி. மெல்லிசாக நீளக் காம்பில் நின்றால் ஆண். பூவுக்கு அடியில் கோலிகுண்டு மாதிரி ஒரு பிஞ்சு இருந்தால் பெண். ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்தக் கோலிகுண்டு காயாகும். இல்லையென்றால் நாலு நாளில் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். காற்று கொண்டு போய்ச் சேர்க்காதா என்றால், சேர்க்காது. இந்த மகரந்தம் பிசுபிசுவென்று ஒட்டும், கனமும் அதிகம். யாராவது சுமந்து கொண்டுதான் போக வேண்டும்.

அந்த யாராவதுதான் தேனீ. கல்யாணத் தரகர்!

எங்கள் கொங்கு நாட்டில் முப்பது வயசுப் பையன்களுக்குப் பெண் கிடைக்காமல் தரகர் வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடப்பது ஊரறிந்த விஷயம். (இதைப் படிக்கிற சிலருக்கு இந்த இடத்தில் பெருமூச்சு வந்திருக்கும். எனக்கும் வந்த காலம் உண்டு.) மாமா தோட்டத்தில் நிலைமை வேறு. மாப்பிள்ளை இருக்கிறார், பெண் இருக்கிறது, முகூர்த்தமும் இருக்கிறது. தரகரைத்தான் காணோம்.

அரை மணி நேரம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஒரு ஏக்கர் மஞ்சள் பூவில் எறும்பு இருந்தது, பொன்வண்டு மாதிரி ஏதோ இலை தின்று கொண்டிருந்தது. தேனீ என்று சொல்லத்தக்கதாக மூன்று வந்தன. மூன்று!

ஆறு மணிக்கு இரண்டு பாட்டிமார் வந்தார்கள். அத்தை வேலையைச் சொல்லிக் கொடுத்தார். ஆண் பூவைப் பறித்து, இதழையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் விட்டு நாலு தடவை மெதுவாகத் தடவ வேண்டும். அவ்வளவுதான், கல்யாணம் முடிந்தது. ஒரு பாட்டிக்கு வெட்கம் தாங்கவில்லை.

"இந்தக் கருமத்தையெல்லாம் நாம பண்ணி வைக்கோணுமாக்கும்!" என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கொண்டு சிரித்தது.

மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்டார். காலை மூன்று மணி நேரத்துக்கு ஆளுக்கு 250 ரூபாய். இரண்டு பேர். பூப்பு இருக்கிற இருபத்தைந்து நாளும் வர வேண்டும். கூட்டிப் பெருக்கிச் சொன்னேன்: 12,500 ரூபாய். சந்தையில் அரசாணி விலை உங்களுக்கே தெரியும். சில சமயம் பறிக்கிற கூலிக்குக் கட்டுப்படியாகாமல் மாட்டுக்குப் போடுகிற காய் அது.

"இத்தனை நாளா இந்த வேலைய ஓசியிலயா பண்ணீட்டிருந்துச்சு அது?" என்றார் மாமா.

பேலன்ஸ் ஷீட்டில் வராத சொத்து என்று ஒன்று உண்டு என்று எங்கள் வாத்தியார் சொன்னபோது நான் கடைசி பெஞ்சில் இருந்தேன்.

* * *

இது மாமா தோட்டத்துச் சங்கடம் மட்டும் இல்லை. சீனாவில் சிச்சுவான் மாகாணத்துப் பேரி, ஆப்பிள் தோட்டங்களில் எண்பதுகளிலிருந்தே ஆட்கள் மரத்தில் ஏறி, குச்சி நுனியில் இறகைக் கட்டிக் கொண்டு ஒவ்வொரு பூவாகத் தடவுகிறார்கள். அமெரிக்காவில் 2006-ல் தேனீ வளர்ப்பவர்கள் பெட்டியைத் திறந்தால் ராணி இருக்கிறது, குஞ்சு இருக்கிறது, தேனும் இருக்கிறது, வேலைக்காரத் தேனீக்களை மட்டும் காணோம். ஊரே காலி. அதற்கு ஒரு பெரிய பெயர் வைத்து இன்றுவரை ஆராய்ச்சி செய்கிறார்கள்.

'தேனீ அழிந்தால் நாலு வருஷத்தில் மனிதன் அழிவான்' என்று ஐன்ஸ்டீன் சொன்னதாக உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே இல்லை. தவிர, அப்படி நடக்கவும் நடக்காது. நெல், கோதுமை, சோளத்துக்கெல்லாம் காற்றே போதும். சேவூர் நிலக்கடலை தன்னுடைய பூவுக்குள்ளேயே கல்யாணத்தை முடித்துக் கொள்கிற சுயமரியாதைப் பயிர். ஆகவே சோறும் கடலை மிட்டாயும் கிடைக்கும். உலகத்தில் மனிதன் பயிரிடும் முக்கியமான உணவுப் பயிர்களில் முக்கால்வாசி ஏதோ ஒரு வகையில் தேனீ மாதிரிப் பூச்சிகளையோ பறவைகளையோ நம்பியிருக்கின்றன. ஆனால் மொத்த விளைச்சலின் எடையில் பார்த்தால் அது மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். குறையப் போவது காய், பழம், எண்ணெய் வித்து. அதாவது வெறும் சோறு மிஞ்சும், பொரியல் போய்விடும். எனக்கு அதுவே போதுமான பயம்.

* * *

"எல்லாம் அந்த டவரால வந்த வினை" என்றார் மாமா, ஊர்ப் பக்கம் தெரிந்த செல்போன் கோபுரத்தைக் கை நீட்டி. சேவூரில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் இதைத்தான் சொல்வார்கள். 2018-ல் வந்த '2.0' படத்துக்கு அப்புறம் இது வேதவாக்காகிவிட்டது. (அந்தப் படத்தில் வந்தது பறவை, தேனீ இல்லை. யார் கேட்கிறார்கள்!) மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2010-ல் இதற்காக ஒரு கமிட்டியே போட்டது. டவர்தான் கொல்கிறது என்று அடித்துச் சொல்கிற அளவுக்கு ஆதாரம் கிடைத்தபாடில்லை. என்னுடைய அபிப்பிராயம் என்ன என்றால், டவர் நமக்கு ரொம்ப வசதியான குற்றவாளி. அதை நாம் நட்டு வைக்கவில்லை பாருங்கள்.

காலைப் பலகாரம் முடிந்து தோட்டத்தைச் சுற்றி நடந்தோம். எட்டு வயசில் நான் ஓடியாடின தோட்டம். முதலில் கண்ணில் பட்டது வேலி. அந்தக் காலத்தில் நாலு பக்கமும் கிளுவை வேலி. முள்ளும் பச்சையுமாக இடுப்பு அகலத்துக்கு இருக்கும். அதன் மேல் கோவைக்கொடி, பிரண்டை, முசுமுசுக்கை, அடியில் ஆவாரை, தும்பை. வருஷம் பூரா ஏதாவது ஒன்று பூத்துக் கொண்டே இருக்கும். இப்போது கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி. பக்கத்துத் தோட்டம் சைட்டாகி, சர்வேயர் வந்து அளந்தபோது கிளுவை மூணு அடி இடத்தைத் தின்கிறது என்று மிஷினை விட்டு வாரிப் போட்டுவிட்டார்கள்.

வரப்பு மொட்டையாக இருந்தது. களைக்கொல்லி. புல் செதுக்க ஆள் இல்லை. தும்பைப் பூ இல்லை.

தென்னைக்கு வெள்ளை ஈ வந்ததிலிருந்து வேர் வழியாக மருந்து கட்டுகிறார். அரசாணிக்குச் சாறு உறிஞ்சுகிற பூச்சிக்கு என்று கடைக்காரர் கொடுத்த பாட்டிலை எடுத்துக் காட்டினார். இமிடாகுளோப்ரிட். இந்த வகை மருந்து இலையில் பட்டால் இலையோடு நிற்காது. செடி முழுக்க ஏறிப் பூந்தேனுக்கும் மகரந்தத்துக்கும் போய்விடும். அதைக் குடித்த தேனீ பட்டென்று செத்தாலாவது தெரியும். பல சமயம் சாகாமல் வழி மறந்து போகிறது. வீட்டுக்குத் திரும்பத் தெரியாத தேனீ செத்த தேனீதான். ஐரோப்பிய நாடுகளில் 2018-ல் இது உள்பட மூன்று மருந்துகளைத் திறந்த வெளியில் அடிக்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள்.

"எத்தனை மணிக்குங்க மாமா மருந்தடிக்கறீங்க?"

"காத்தால ஏழு, ஏழரைக்கு. அப்பத்தான் ஆளு வருவான்."

"அதேதானே தேனீ வர்ற நேரம்? பொழுதோட அடிக்கச் சொல்லலாமே. பூ மூடியிருக்கும்... தேனீ கூட்டுக்குப் போயிருக்கும்..."

"பொழுதோட அவன் எங்கே இருப்பான்னு உனக்குத் தெரியாதாக்கும்!"

டாஸ்மாக் திசையை நான் பார்க்கவில்லை.

கொஞ்ச தூரம் பேசாமல் வந்தவர், கிணற்று மேட்டில் நின்றுவிட்டார். அங்கே ஒரு பழைய கல் ஸ்டாண்டு. அதன் மேல் என் அப்பச்சி, அதாவது மாமாவின் அய்யன், ரெண்டு தேன் பெட்டி வைத்திருந்தார். கதர் போர்டில் வாங்கினது. திருச்சிப் பக்கம் இருந்த நியூட்டன் என்கிற பாதிரியார், போன நூற்றாண்டின் ஆரம்பத்தில் நம் ஊர்ச் சின்னத் தேனீக்கு ஏற்ற மாதிரி வடிவமைத்த பெட்டி. இன்றும் 'நியூட்டன் பெட்டி' என்றே பெயர். ஆப்பிளோடு சம்பந்தப்பட்ட நியூட்டன் வேறு, இவர் வேறு. லீவுக்குப் போனால் அப்பச்சி அடையைச் சுற்றி எடுத்து உள்ளங்கையில் ஊற்றுவார். முழங்கை வரைக்கும் வழியும். நக்கிக் கொண்டே ஓடுவோம்.

1991-92-ல் தென்னிந்தியா முழுக்க ஒரு வைரஸ் வந்தது. தாய்லாந்தில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதால் 'தாய் சாக்புரூட்' என்று பெயர். புழுவாக இருக்கும்போதே தண்ணீர்ப் பை மாதிரி ஊதிச் செத்துப் போகும். மார்த்தாண்டம், கேரளா, கர்நாடகம் என்று வளர்ப்புத் தேனீக்களில் பத்துக்கு ஒன்பது குடும்பம் போயே போய்விட்டது. தேன் பெட்டியை நம்பிப் பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருந்தவர்கள் கன்னியாகுமரி ஜில்லாவில் எத்தனையோ பேர். அப்பச்சியின் ரெண்டு பெட்டியும் அந்த வருஷம்தான் காலியாயின. சீக்கு இன்னதென்று அவருக்குத் தெரியாது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சொல்லிக் கொண்டேதான் கடைசிவரை இருந்தார்.

அப்புறம்தான் இத்தாலியத் தேனீயைக் கொண்டு வந்து பரப்பினார்கள். தேன் நிறையக் கொடுக்கும். ஆனால் சோளக்காட்டில் கொஞ்சம், புளியம்பூவில் கொஞ்சம் என்று நம்மூர்த் தேனீ பொறுக்கித் தின்று பிழைத்துக் கொள்வது போல அதற்கு முடியாது. சூரியகாந்தி, ரப்பர் என்று பூ இருக்கிற இடத்துக்குப் பெட்டியை லாரியில் ஏற்றிக் கொண்டு சுற்ற வேண்டும்.

நான் விடவில்லை. வேலியை எடுத்தது நீங்கள், வரப்புக்கு மருந்தடித்தது நீங்கள், பூ விரிகிற நேரத்தில் ஸ்பிரேயர் பிடித்தது நீங்கள் என்று விரல் விட்டு எண்ணினேன். மருமகன் என்கிற மரியாதைக்குக் கேட்டுக் கொண்டிருந்தார்.

"செரி மாப்ளே. நா பண்ணுனதைச் சொல்லீட்டே. நீ என்ன பண்ணுனே?"

வவுச்சர் கதையைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. காமெடியாகத்தான் ஆரம்பித்தேன்.

மாமா சிரிக்கவில்லை.

"மலைத்தேனு ஒரு எடத்துல நெலையா இருக்காதே. பூவு முடிஞ்சா ரெண்டு மாசத்துல தானா எந்திரிச்சுப் போயிருக்குமே..." என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

* * *

மத்தியானம் பஸ்ஸுக்கு முன்னால் கடை வீதியில் டீ. மாஸ்டர் பேப்பர் கப்பில் கொடுத்தார். குடித்துவிட்டு டிரம்மில் போடப் போனவன் நின்றேன். டிரம்முக்குள் விர்ரென்று ஒரு சத்தம். தோட்டம் முழுக்கத் தேடினேனே, மூன்றே மூன்று பார்த்தேனே... அதெல்லாம் இங்கேதான் இருந்தது! கப்பின் அடியில் தேங்கிய சர்க்கரைப் பாலுக்கு வந்து, வழுவழுப்பில் ஏற முடியாமல் இறக்கை நனைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக...

மதுரை ஆராய்ச்சியாளர்கள் சிலர் இதை உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். 'கரன்ட் சயின்ஸ்' பத்திரிகையில் 2011-ல் வந்தது. ஐந்து காபிக் கடைகளின் குப்பைக் கப்புகளில் 30 நாளில் செத்த தேனீக்கள் 25,211. கடைக்கு, ஒரு நாளைக்கு, சராசரி 168. கணக்கு எழுதுகிறவன் என்பதால் பெருக்கிச் சரி பார்த்தேன். டேலி ஆகிறது. பிளாஸ்டிக் பூச்சுக் கப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-லிருந்து தடை. நீங்கள் இன்று காலை எதில் டீ குடித்தீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

ஒரு தேனீ ஆயுசு முழுக்கப் பாடுபட்டுச் சேர்க்கிற தேன், டீஸ்பூனில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நாம் கப்பின் அடியில் விட்டுவிட்டுப் போகிற சர்க்கரை அதைவிட ஜாஸ்தி. வராமல் என்ன செய்யும்? மாஸ்டரிடம் "இதுக்கு ஒரு மூடி போட்டு வைங்களேன், இல்லாட்டி கண்ணாடி கிளாஸே கொடுங்களேன்" என்றேன். "கிளாஸ் கழுவ ஆளை நீங்க புடிச்சுத் தர்றீங்ளா?" என்றார். சேவூரில் யாரிடம் எதைக் கேட்டாலும் கடைசியில் ஆள் பற்றாக்குறையில் வந்து முடிகிறது.

* * *

மாமா நான் நினைத்ததைவிடக் கெட்டிக்காரர். மருந்தடிக்கிற ஆளுக்குப் பகலிலேயே பாதிக் கூலி கொடுத்துவிட்டு, மீதியைப் பொழுதிறங்கி அடித்து முடித்த பிறகு என்று ஏற்பாடு பண்ணிவிட்டார். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் தேனீ வளர்ப்புக்குப் பயிற்சி தருகிறார்கள். அங்கே போய் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தார். கார்த்திகையில் ஒரு பெட்டி வாங்கி அப்பச்சியின் கல் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே வேப்பமர நிழலில் வைத்தார். எறும்பு ஏறாமல் ஸ்டாண்டின் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம். குடிக்க ஒரு மண் தட்டில் தண்ணீர், மூழ்கிச் சாகாமல் இருக்க அதில் நாலு கூழாங்கல்.

பன்னிரண்டாம் நாள் அத்தனையும் ஓடிப் போயிற்று. நம்மூர்த் தேனீக்கு ரோஷம் ஜாஸ்தி. பூ போதவில்லை, எறும்பு தொந்தரவு, பெட்டியைச் சும்மாச் சும்மாத் திறந்து பார்த்தார்கள்... எதற்கு வேண்டுமானாலும் கோபித்துக் கொண்டு கிளம்பிவிடும். (அத்தை தினமும் ரெண்டு தடவை திறந்து பார்த்ததாக மாமா சொல்கிறார். அத்தை, மாமாதான் என்கிறார்.) தை பிறந்து இரண்டாவது குடும்பத்தைக் குடிவைத்து, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, பெட்டிப் பக்கமே போகாமல் தூரத்தில் நின்று பார்த்துக் கொள்கிறார்கள். கம்பி வேலியை ஒட்டிக் கிளுவைக் குச்சி நட்டிருக்கிறார். சர்வேயர் கல்லுக்கு ஒரு அடி உள்ளே. தளிர்த்திருக்கிறது, வேலியாக இன்னும் நாலு வருஷம் ஆகும்.

பாட்டிமார் கையால் கல்யாணம் பண்ணி வைத்த அரசாணி ஓரளவு காய்த்தது. 12,500-ஐக் கழித்துப் பார்த்தால் மாமாவுக்குக் கையில் நின்றது கொஞ்சம்தான். தொகையைச் சொன்னால் கோபித்துக் கொள்வார். எனக்கு ஒரு காய் கொடுத்தனுப்பினார். பதினோரு கிலோ. பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் போட்டார். இப்போது தைப்பட்டத்துக் கொடி பூக்க ஆரம்பித்திருக்கிறது. இந்தத் தடவை பாட்டிமாரைக் கூப்பிடவில்லை. ஏழு மணிக்கு ஒரு பூவில் ரெண்டு தேனீ பார்த்தேன் என்று போன வாரம் போன் பண்ணினார். காய் பிடிக்குமா என்பது தெரிய இன்னும் பத்து நாள் ஆகும்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனால், வாட்ச்மேன் கேட்டிலேயே மடக்கினார்.

"சார், மறுக்காவும் வந்துருச்சு. அதே எடம்."

ஓடிப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது மாடி, அதே சன்ஷேடு, அதே மூலை. உள்ளங்கை அளவுக்குத்தான் இருந்தது. மேனேஜர் ஏற்கெனவே அந்தத் தீப்பந்தக்காரனுக்குப் போன் போட்டிருந்தார். ஜன்னலுக்கு வலை அடித்து, அந்த வரிசை லைட்டை உள்பக்கம் திருப்பிவிட்டால் போதும், ரெண்டு மாசத்தில் அதுவே கிளம்பிவிடும் என்றேன். எவ்வளவு ஆகும் என்றார். விசாரித்து வைத்திருந்தேன்: 6,800 ரூபாய். அந்தப் பக்கம் 1,500.

அவர் கால்குலேட்டரைப் பார்த்தார். நான், வலை ஒரு தடவைச் செலவு, தீப்பந்தம் வருஷா வருஷம் என்றேன். கொட்டு வாங்கின பெண்ணின் ரெண்டு நாள் லீவையும் சேர்த்துச் சொன்னேன். பி.காம். முதல் தடவையாக வேலை செய்தது.

"எந்த ஹெட்டுல போடுவீங்க?"

"கட்டடப் பராமரிப்பு சார்."

யோசித்தார். "மூணு கொட்டேஷன் வாங்குங்க" என்றார்.

ரெண்டு வந்துவிட்டது. மூன்றாவது ஆள் வியாழக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறான்.